ஒளியியல் பொருள்களுக்கான சீரளவுப் பலபடித் துகள்கள்

சீரளவுப் பலபடித் துகள்கள் என்பவை ஏறத்தாழ ஒரே விட்டம் உடையவையாகத் தயாரிக்கப்படும் மிக நுண்ணிய நெகிழிக் கோளங்கள் ஆகும். இவற்றின் விட்டம் பெரும்பாலும் 0.1 முதல் 30 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. வெறும் கண்ணுக்கு இவை வெள்ளை மாவாகவே தெரியும். எல்.இ.டி. விளக்கின் பால் நிற மூடி, கணினித் திரைக்குப் பின்னால் ஒளியைப் பரப்பும் தாள், திரையில் எதிரொளி கூசாமல் தடுக்கும் படலம் ஆகியவற்றில் இத்துகள்கள் கலக்கப்படுகின்றன. 5 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள பாலிஸ்டைரீன் துகள்களில் ஒரு கிராம் எடுத்தால் அதில் ஏறத்தாழ 1,450 கோடி துகள்கள் இருக்கும்.

இத்தனை கோடித் துகள்களையும் ஒரே அளவில் செய்வது எப்படி என்பதே இத்துறையின் அடிப்படைக் கேள்வி. செய்து முடித்த பின் சலித்துப் பிரிப்பது ஒரு வழி. அதில் இழப்பு மிகுதி. எல்லாத் துகள்களையும் ஒரே நேரத்தில் தோன்றச் செய்து, பிறகு புதிய துகள் எதுவும் தோன்றாதபடி அவற்றை மட்டும் வளர்ப்பது மற்றொரு வழி. இன்றைய தயாரிப்பு முறைகளில் பெரும்பாலானவை இரண்டாவது வழியைப் பின்பற்றுகின்றன.

சீர்மையை அளக்கும் எண்

துகள்களின் விட்டங்களுக்குச் சராசரியும் திட்ட விலக்கமும் கணக்கிடப்படும். திட்ட விலக்கத்தைச் சராசரியால் வகுத்து நூறால் பெருக்கக் கிடைப்பது மாறுபாட்டுக் கெழு. இது சிறியதாக இருந்தால் துகள்கள் சீரானவை. எண்ணெயைத் தண்ணீரில் கலக்குவதுபோல வேகமாகக் கலக்கிச் செய்யும் சாதாரணத் துகள்களில் இக்கெழு 30 விழுக்காட்டையும் தாண்டலாம். கவனமாக வளர்க்கப்பட்ட துகள்களில் 5 விழுக்காட்டுக்குக் கீழும், மிகச் சிறந்தவற்றில் 1 அல்லது 2 விழுக்காடாகவும் இருக்கும்.

அளவு ஏன் முக்கியம்?

ஒளி ஒரு துகளில் பட்டுச் சிதறுவதை இரண்டு காரணிகள் முதன்மையாகத் தீர்மானிக்கின்றன. ஒன்று, துகளுக்கும் அதைச் சூழ்ந்த பொருளுக்கும் இடையே உள்ள ஒளிவிலகல் எண் வேறுபாடு. மற்றொன்று, துகளின் அளவு.

ஒளிவிலகல் எண் சிலிக்கோன் பிசினுக்கு ஏறத்தாழ 1.43, அக்ரிலிக் பிசினுக்கு 1.49, பாலிகார்பனேட்டுக்கும் பாலிஸ்டைரீனுக்கும் 1.59, மெலமைன் பிசினுக்கு 1.66. துகளும் அதைச் சூழ்ந்த பிசினும் ஒரே எண் உடையவையானால் துகள் இருப்பதே தெரியாது; தகடு தெளிவாக இருக்கும். வேறுபாடு கூடக் கூடச் சிதறல் கூடும். ஸ்டைரீனையும் மெத்தில் மெத்தாகிரிலேட்டையும் வேண்டிய விகிதத்தில் சேர்த்துப் பலபடியாக்கினால் 1.49க்கும் 1.59க்கும் இடையே தேவையான எண்ணைப் பெறலாம். எனவே இந்தக் காரணி பொருளின் தேர்வால் கட்டுக்குள் வந்துவிடுகிறது. அளவு அவ்வளவு எளிதாகக் கட்டுப்படுவதில்லை.

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர் வரை. அதைவிட மிகச் சிறிய துகள்கள், அலைநீளத்தின் நான்காம் படிக்கு எதிர்விகிதத்தில் ஒளியைச் சிதறடிக்கின்றன. இக்கணக்குப்படி 0.4 மைக்ரோமீட்டர் ஊதா ஒளி, 0.7 மைக்ரோமீட்டர் சிவப்பு ஒளியைவிட ஒன்பது மடங்குக்கு மேல் சிதறும். நிறையத் தண்ணீர் கலந்த பாலில் லேசான நீலச் சாயல் தெரிவதற்கும் பாலில் உள்ள மிக நுண்ணிய புரதத் துகள்களின் இத்தகைய சிதறலே காரணம். விளக்கு மூடியில் இப்படிப்பட்ட நுண்துகள்கள் மிகுந்தால், நீலம் பக்கவாட்டிலும் பின்புறமும் சிதறிப்போக, ஊடுருவி வரும் வெளிச்சம் மஞ்சளாகத் தெரியும்.

சில மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள்களில் நிறப் பாகுபாடு குறைவு. பெரும்பகுதி ஒளி முன்னோக்கியே விரிந்து செல்லும். விளக்கின் வெளிச்சத்தை இழக்காமல் பரப்புவதற்கு இதுவே ஏற்றது. அளவு மேலும் பெருத்தால் வேறு சிக்கல் வரும். கூசொளி தடுக்கும் படலத்தில் பெரிய துகள் ஒவ்வொன்றும் ஒரு சிறு வில்லையாக நடந்துகொள்ளும். திரையின் படப்புள்ளிகள் ஆங்காங்கே மின்னி, மணல் தூவியதுபோல் தோன்றும். சிறியவை மஞ்சளாக்கும், பெரியவை மின்னும். நடுவில் உள்ள குறுகிய இடைவெளிக்குள் துகள்களை நிறுத்துவதற்காகவே சீர்மை தேவைப்படுகிறது.

ஓரத்தில் நிற்கும் சில துகள்கள்

சராசரி சரியாக இருந்தாலும் போதாது என்பதற்கு நீர்மப் படிகத் திரை நல்ல எடுத்துக்காட்டு. அத்திரையில் இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே சில மைக்ரோமீட்டர் இடைவெளியில் நீர்மப் படிகம் நிரப்பப்பட்டிருக்கும். இந்த இடைவெளி மாறினால் ஒளியின் அளவும் நிறமும் இடத்துக்கு இடம் மாறும். ஆகவே தகடுகளுக்கு இடையே ஒரே அளவுள்ள துகள்களைத் தூவி இடைவெளியைத் தாங்கவைத்தனர்.

4 மைக்ரோமீட்டர் சராசரியும் 3 விழுக்காடு மாறுபாட்டுக் கெழுவும் உடைய துகள்களை எடுத்துக்கொள்வோம். திட்ட விலக்கம் 0.12 மைக்ரோமீட்டர். விட்டங்கள் இயல்நிலைப் பரவலில் இருந்தால், ஏறத்தாழ 0.135 விழுக்காட்டுத் துகள்கள் 4.36 மைக்ரோமீட்டருக்கு மேல் இருக்கும். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 100 துகள்கள் தூவப்படுவதாக வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டரில் 10 கோடி துகள்கள். அவற்றில் 1,35,000 துகள்கள் அளவு மீறியவை. கண்ணாடியை உயர்த்திப் பிடிப்பவை இவைதான். இடைவெளித் துகள் செய்பவர்கள் சராசரியைவிடப் பரவலின் ஓரத்தைப் பற்றியே அதிகம் கவலைப்படுவது இதனால்தான். பிற்காலத்தில் தொலைக்காட்சித் திரைகளில் இத்துகள்களின் இடத்தை, ஒளியால் வார்க்கப்படும் நுண்தூண்கள் பெருமளவு பிடித்துக்கொண்டன. எனினும் மின்சாரத்தால் தெளிவும் மங்கலும் மாறும் சன்னல் படலங்கள் முதலியவற்றில் கோளத் துகள்கள் தொடர்ந்து பயன்படுகின்றன.

சாயம் இல்லாத நிறம்

சீர்மை மிகக் கண்டிப்பாகத் தேவைப்படும் இடம் ஒளிப் படிகங்கள். ஒரே அளவுக் கோளங்கள் நெருக்கமாக, ஒழுங்காக அடுக்கப்பட்டால், அடுக்குகளுக்கு இடையே உள்ள தொலைவைப் பொறுத்து ஒரு குறிப்பிட்ட நிறம் மட்டும் வலுவாக எதிரொளிக்கும். இயற்கையில் கிடைக்கும் ஓப்பல் மணியின் நிறவிளையாட்டு, ஒழுங்காக அடுக்கப்பட்ட சிலிக்கா கோளங்களால் உண்டாவதை ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த சாண்டர்சும் உடன் ஆய்ந்தோரும் 1964இல் மின்னணு நுண்ணோக்கி மூலம் காட்டினர்.

உலர்ந்து நெருங்கி அடுக்கிய பாலிஸ்டைரீன் கோளங்களை நேர் எதிரே நின்று பார்த்தால், கணக்கீட்டின்படி 190 நானோமீட்டர் விட்டத்துக்கு நீலமும், 220க்குப் பச்சையும், 270க்குச் சிவப்பும் கிடைக்கும். 80 நானோமீட்டருக்குள் வானவில்லின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. விட்டத்தில் சில விழுக்காடு பிசகினாலே நிறம் மங்கும். மாறுபாடு இன்னும் கூடினால் கோளங்கள் ஒழுங்காக அடுக்கவே மாட்டா.

வரலாறு

ஒரே அளவுத் துகள்களுக்கான தேடல் ஒளியியல் தொழிலுக்கு முற்பட்டது. 1908ஆம் ஆண்டையொட்டி பிரான்சின் ஜான் பெரென், அணுக்கள் உண்மையிலேயே இருப்பதை நிறுவ, நீரில் மிதக்கும் சீரான துகள்களை நாடினார். கொடம்புளியின் பேரினமான கார்சினியாவைச் சேர்ந்த மரங்களிலிருந்து கிடைக்கும் மஞ்சள் பிசினை நீரில் கரைத்து, மையவிலக்கியில் திரும்பத் திரும்பச் சுழற்றிப் பிரித்தார். ஒரு கிலோகிராம் பிசினில் தொடங்கி, பல மாத உழைப்புக்குப் பின் அவருக்குக் கிடைத்த சீரான துகள்கள் ஒரு கிராமில் சில பத்தில் ஒரு பங்குகள் மட்டுமே. அவருக்கு 1926இல் இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. செய்த பின் பிரித்தெடுக்கும் வழியின் இழப்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

வளர்த்தெடுக்கும் வழி ஓரளவு தற்செயலாகத் திறந்தது. 1940களின் இறுதியில், அமெரிக்காவின் டவ் கெமிக்கல் நிறுவனம் தயாரித்த ஒரு பாலிஸ்டைரீன் பால்மத்தில் துகள்கள் வியக்கத்தக்க அளவு சீராக இருப்பதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மின்னணு நுண்ணோக்கியாளர்கள் கண்டனர். அத்துகள்கள் நுண்ணோக்கியின் உருப்பெருக்கத்தைச் சரிபார்க்கும் அளவுகோலாயின. டவ் நிறுவனத்தின் ஜான் வாண்டர்ஹாஃப், பிராட்ஃபோர்டு ஆகியோர் 1950களில் இத்தகைய பால்மங்களைத் திட்டமிட்டே தயாரித்தனர். அவற்றின் ஒளியியல் பண்புகளும் அப்போதே ஆராயப்பட்டன.

நீரில் வளர்க்கும்போது சில மைக்ரோமீட்டருக்கு மேல் ஒரு தடை குறுக்கிட்டது. ஸ்டைரீனின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.91 கிராம், பாலிஸ்டைரீனின் அடர்த்தி 1.05. எனவே வினையின் தொடக்கத்தில் பெரிய துகள்கள் பாலேடுபோல் மேலே மிதக்கும், முடிவில் அடியில் படியும். இதைத் தடுக்கக் கலக்கினால் ஒன்றோடொன்று மோதி ஒட்டிக்கொள்ளும். ஈர்ப்பின் விளைவு இல்லாத இடத்தில் வினையை நடத்தினால் என்ன என்று எண்ணி, லீஹை பல்கலைக்கழகத்துக்குச் சென்றிருந்த வாண்டர்ஹாஃபும் நாசாவும் 1982 மார்ச்சில் கொலம்பியா விண்வெளி ஓடத்தில் ஒரு சிறு வினைகலனை அனுப்பினர். அடுத்தடுத்த பயணங்களில் 10 மைக்ரோமீட்டர், 30 மைக்ரோமீட்டர் துகள்கள் கிடைத்தன. 10 மைக்ரோமீட்டர் துகள்களை அமெரிக்காவின் தேசியத் தர அளவீட்டு அமைப்பு 1985இல் அளவுத்திட்டப் பொருளாக விற்பனைக்கு வெளியிட்டது. விண்வெளியில் செய்து விற்கப்பட்ட முதல் பொருள் இதுவே.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1976இல், நார்வேயின் டிரான்ட்ஹெய்ம் நகரில் ஜான் உகெல்ஸ்டாடு பூமியிலேயே இதற்கு ஒரு வழி கண்டிருந்தார். அதுதான் கீழே விளக்கப்படும் இருபடி வீக்க முறை.

அடிப்படைத் தத்துவம்

பலபடித் துகள் உருவாவதில் இரண்டு கட்டங்கள் உண்டு: கருவாக்கம், வளர்ச்சி. கரைசலில் பலபடிச் சங்கிலிகள் நீண்டு, கரைதிறன் எல்லையைத் தாண்டும்போது அவை திரண்டு கருக்களாகின்றன. கருவாக்கம் நீண்ட நேரம் தொடர்ந்தால், முதலில் தோன்றியவை பெருத்தும் பின்னர் தோன்றியவை சிறுத்தும் இருக்கும். கருவாக்கம் ஒரு குறுகிய நேரத்தில் முடிந்துவிட்டால், எல்லாத் துகள்களும் ஏறக்குறைய ஒரே வயது உடையவையாக இருக்கும். லாமெர், டினெகார் ஆகியோர் 1950இல் கந்தகத் துகள்களைக் கொண்டு இக்கருத்தைத் தெளிவாக்கினர்.

வளர்ச்சியே சீர்மையைக் கூட்டவும் செய்யும். ஒரு துகளின் விட்டம் 1, மற்றொன்றின் விட்டம் 1.2 எனக் கொள்வோம். வேறுபாடு 20 விழுக்காடு. விட்டங்களின் மும்மடிகள் 1, 1.728. இரண்டும் ஒரே அளவு பருமனைப் பெற்று, மும்மடிகள் 64, 64.728 ஆக வளர்ந்தால், விட்டங்கள் 4, 4.015 ஆகும். வேறுபாடு 0.4 விழுக்காட்டுக்குக் குறைந்துவிட்டது. நடைமுறையில் பெரிய துகள் சற்றுக் கூடுதலாகவே உண்ணும். ஆயினும் தன் பருமனுக்கு ஏற்ற அளவு உண்ணாத வரை, சிறிய துகள் இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வரும்.

தயாரிப்பு முறைகள்

சோப்பில்லாப் பால்மப் பலபடியாக்கம். நீர், ஸ்டைரீன், பொட்டாசியம் பெர்சல்பேட்டு ஆகியவற்றை ஏறத்தாழ 70 பாகை செல்சியசில் வைத்து வினைப்படுத்துவர். பெர்சல்பேட்டு தரும் மின்னேற்றமுள்ள முனைகள் துகளின் மேற்பரப்பில் நின்று, துகள்கள் ஒட்டாமல் விலக்குகின்றன. 0.2 முதல் 1 மைக்ரோமீட்டர் வரையுள்ள துகள்களுக்கு இது ஏற்றது. ஒளிப் படிகங்களுக்கான துகள்கள் பெரும்பாலும் இவ்வழியில் கிடைக்கின்றன.

பிரிகைப் பலபடியாக்கம். ஸ்டைரீன் எத்தனாலில் கரையும், பாலிஸ்டைரீன் கரையாது. இந்த வேறுபாடே இம்முறையின் அடிப்படை. எத்தனால், ஸ்டைரீன், துகள்களைப் போர்த்திக் காக்கும் பாலிவினைல்பிரோலிடோன், வினைதொடக்கி ஆகியவை கலந்த தெளிந்த கரைசலிலிருந்து நைட்ரஜன் மூலம் ஆக்சிசன் அகற்றப்பட்டு, கரைசல் 70 பாகைக்குச் சூடாக்கப்படும். முதலில் லேசான நீலக் கலங்கல் தோன்றும். பின்னர் பால்போல் வெளுக்கும். கருவாக்கம் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். எஞ்சிய பல மணி நேரமும் வளர்ச்சிக்கே. ஒரே படியில் 1 முதல் 10 மைக்ரோமீட்டர் வரை பெறலாம்.

வெப்பத்தைத் தாங்கக் குறுக்குப்பிணைப்பு தேவை என்பதால் டைவினைல்பென்சீன் போன்றவற்றையும் சேர்க்க வேண்டியிருக்கும். அதைத் தொடக்கத்திலேயே சேர்த்தால் கருவாக்கம் குலைந்து, துகள்கள் திரண்டுவிடும். கருவாக்கம் முடியும்வரை காத்திருந்து, பிறகு சிறிது சிறிதாகச் சேர்த்தால் சீர்மை கெடுவதில்லை.

இருபடி வீக்க முறை. முதலில் சீரான சிறு வித்துத் துகள்கள் செய்யப்படும். 0.5 மைக்ரோமீட்டர் வித்து 5 மைக்ரோமீட்டர் ஆக வேண்டுமானால் அதன் பருமன் 1,000 மடங்கு பெருக வேண்டும். சாதாரணப் பலபடித் துகள் தன் பருமனைப்போல் சில மடங்கு ஒற்றைப்படியை மட்டுமே உறிஞ்சும். நீரில் மிகக் குறைவாகக் கரையும் ஒரு சிறு மூலக்கூறுச் சேர்மத்தை முதலில் வித்துக்குள் புகுத்திவிட்டால், அது நூறு மடங்கும் அதற்கு மேலும் உறிஞ்சும் ஆற்றல் பெறுகிறது என்பதே உகெல்ஸ்டாடு கண்டது. வீங்கிய துளிகள் பிறகு அப்படியே பலபடியாக்கப்படும். புதிய துகள்கள் தோன்றாதபடி நீர்க்கட்டத்தில் வினைத்தடுப்பி சேர்ப்பதும் உண்டு.

சவ்வுப் பால்மமாக்கம். தென் ஜப்பானின் சிராசு எனும் எரிமலைச் சாம்பலிலிருந்து ஒரே அளவுத் துளைகள் கொண்ட கண்ணாடிச் சவ்வை மியாசாகி பகுதி ஆய்வாளர்கள் உருவாக்கினர். ஒற்றைப்படியை இச்சவ்வின் வழியே மெல்ல அழுத்தி நீருக்குள் விட்டால், இடியாப்ப அச்சில் மாவு ஒரே தடிமனில் இறங்குவதுபோல, துளிகள் ஒரே அளவில் வெளிப்படும். மாறுபாட்டுக் கெழு பொதுவாக 10 விழுக்காட்டை ஒட்டி இருக்கும். வித்து முறையைவிடச் சீர்மை குறைவு. ஆனால் பலவகைப் பொருள்களுக்கும் பொருந்தும்.

நீராற்பகுப்பு முறை. மெத்தில்டிரைமீத்தாக்சிசிலேனை அம்மோனியா கலந்த நீரில் வினைப்படுத்தினால் சிலிக்கோன் பிசின் கோளங்கள் கிடைக்கும். இவை அக்ரிலிக் துகள்களைவிட அதிக வெப்பம் தாங்குவதால், ஏறத்தாழ 280 முதல் 300 பாகையில் உருக்கி வார்க்கப்படும் பாலிகார்பனேட்டு விளக்கு மூடிகளுக்குப் பெரிதும் விரும்பப்படுகின்றன. ஒளிவிலகல் எண் வேறுபாடும் 0.16 வரை இருப்பதால் சிறிதளவு துகளே போதும்.

ஆலையில் எழும் சிக்கல்கள்

ஆய்வகக் குடுவையில் சீராக வந்த துகள் பெரிய கலனில் சீர்கெடுவது வழக்கம். குடுவை சில நிமிடங்களில் சூடாகும். ஆயிரம் லிட்டர் கலன் சூடாக நெடுநேரம் பிடிக்கும். அந்நேரம் முழுவதும் கருக்கள் தோன்றிக்கொண்டே இருந்தால் வயது வேறுபாடு வந்துவிடும். பலபடியாக்கம் வெப்பம் உமிழும் வினை என்பதால், பின்னர் வெப்பத்தை வெளியேற்றுவதும் கடினமாகும். இதனால்தான் பல ஆலைகளில், சிறு கலனில் செய்து சோதித்த வித்துகளைப் பெரிய கலனில் வளர்க்கும் முறை பின்பற்றப்படுகிறது. வித்தின் தரம் உறுதியானால் பெரிய கலனில் எஞ்சுவது வளர்ச்சி மட்டுமே.

வினை முடிந்த பின் கழுவுதலும் உலர்த்தலும் உள்ளன. எஞ்சிய சோப்புப் பொருளும் வினைபுரியாத ஒற்றைப்படியும் வெப்பத்தில் மஞ்சளாகும். உலரும்போது நீரின் மேற்பரப்பு இழுவிசை துகள்களை இழுத்து ஒட்டவைக்கும். ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு துகள்கள் ஒளிக்கு ஒரு பெரிய துகளாகவே தெரியும். அதுவரை காத்த சீர்மை வீணாகும். எனவே தெளித்து உலர்த்துதல், மென்மையாக உதிர்த்தல், காற்றோட்டத்தில் வகைப்படுத்திப் பெருந்துகள்களை நீக்குதல் ஆகியவை தேவைப்படுகின்றன.

அளவிடும் முறைகள்

மின்னணு நுண்ணோக்கி துகள்களை நேரே காட்டும். ஆனால் பார்வைக்கு வருவது சில நூறு துகள்களே. மின்னணுக் கற்றை அக்ரிலிக் துகள்களைச் சுருக்கவும் செய்யும். ஒளிச்சிதறல் கருவி விரைவானது. ஆயினும் தருவது பெரும்பாலும் சராசரியே, அதுவும் பெரிய துகள்களின் பக்கம் சாய்ந்த சராசரி. வாலஸ் கூல்ட்டர் 1953இல் காப்புரிமை பெற்ற கருவி, துகள்கள் ஒரு நுண்துளையைக் கடக்கும்போது ஏற்படும் மின்தடை மாற்றத்தைக் கொண்டு அவற்றை ஒவ்வொன்றாக எண்ணுகிறது. ஆயிரக்கணக்கில் எண்ணும்போதுதான் ஓரத்தில் நிற்கும் அந்தச் சில துகள்கள் கணக்கில் சிக்கும். இத்துகள்களை வாங்குவோர் தரச்சான்றில் சராசரி விட்டத்தோடு, மாறுபாட்டுக் கெழுவையும், குறிப்பிட்ட விட்டத்தைத் தாண்டிய துகள்களின் எண்ணிக்கையையும், அவை எக்கருவியால் அளக்கப்பட்டன என்பதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

சுற்றுச்சூழல்

இத்துகள்கள் அளவால் நுண்நெகிழி வகையைச் சேர்ந்தவை. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் வேண்டுமென்றே சேர்க்கப்படும் நுண்நெகிழிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. திண்மப் பொருளுக்குள் நிலையாகப் பதிந்துவிடுபவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. விளக்கு மூடிக்குள் உறைந்த துகள் வெளியேறுவதில்லை. கழுவும் நீரிலும், பொதியும்போது பறக்கும் தூளிலும் தப்பும் துகள்களே கவனிக்க வேண்டியவை. சில மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள் சாதாரணத் துணி வடிகட்டியைக் கடந்துவிடும் என்பதால், கழிவுநீரைத் திரளச் செய்து படியவைத்து, நுண்சவ்வில் வடிகட்டிய பின்னரே வெளியேற்ற வேண்டும்.